அரை மூடி மருந்து

கரிசல் காட்டை ஒட்டி ஓர் ஊர் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஊர். தண்ணீருக்குத்தான் பஞ்சம். குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும், அதுவும் சொல்லிக்கொண்டு வராது. வந்த அன்றைக்கு ஊரே போட்டது போட்டபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். சொம்பிலிருந்து டிரம் வரைக்கும் எதில் எல்லாம் தண்ணீர் நிற்குமோ அதில் எல்லாம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அப்புறம் பன்னிரண்டு நாளும் அதைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார்கள்.

மனுஷன் தண்ணீரைச் சேர்த்து வைத்தால் கொசு சும்மா இருக்குமா? அது வந்து முட்டை போட்டது. முட்டை புழுவாகும், புழு கொசுவாகும், எல்லாம் எட்டுப் பத்து நாள் வேலை. அடுத்த தண்ணீர் வருவதற்குள் டிரம்முக்குள் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, சிறகு முளைத்துப் பறந்துவிடும். பறந்தது ஊருக்குள் காய்ச்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைத் தடுக்கத்தான் அந்த ஊருக்கு மருந்து வந்தது.

மருந்துக்கு என்ன, பழுப்பு நிறம், பிளாஸ்டிக் கேனில் வாசம். ஒரு கேன் தீர்ந்தால் இன்னொரு கேன் வரும். ஆனாலும் மருந்து ஒன்றுதான், மனசும் ஒன்றுதான். நல்ல மனசு. அதைச் சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. கெட்டவன் ஒருத்தன் செய்த காரியம் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். இது அப்படி இல்லை.

கீழக்காலனிக்கு மருந்தைச் சுமந்து வருகிறவள் சந்தனமாரி. டெங்குக் கொசு ஒழிக்கிற வேலைக்குத் தினக்கூலியாகச் சேர்ந்தவள். வாரம் ஒரு தடவை வீடு வீடாக ஏறி, டிரம்மிலும் தொட்டியிலும் டார்ச் அடித்துப் பார்ப்பாள். மருந்து ஊற்றுவாள். சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அளந்து ஊற்ற அவளிடம் இருந்தது கேனின் மூடிதான். ஒரு டிரம்முக்கு ஒரு மூடி. மூடிக்கு உள்ளே ஒரு கோடு இருக்கும், அந்தக் கோடு வரைக்கும் நிறைய வேண்டும்.

மருந்து, மூடி, டிரம், புழு எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்வது மனுஷர் காதில் விழாது. மனுஷர் பேசுவதோ இவர்களுக்கு ஒன்றுவிடாமல் கேட்கும்.

முதல் நாள் மருந்து எவ்வளவு ஆசையோடு வந்தது தெரியுமா? கேனுக்குள் குலுங்கிக் குலுங்கி, வழியெல்லாம் மூடியிடம் ஒரே பேச்சு.

"உசிரைக் காப்பாத்தப் போறோம்! ஆரத்தி எடுக்காட்டியும் வாசல்ல நின்னு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்கல்ல?"

"அளவு பிசகாம போய்ச் சேரு. மத்தது ஒனக்கு எதுக்கு?" என்றது மூடி. மூடி எப்போதும் அப்படித்தான், வெடுக் வெடுக்கென்று பேசும்.

முதல் வீட்டில் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். இரண்டாவது வீட்டில், "ஐய, குடலைப் புரட்டுது! கொண்டுபோய்க் கக்கூஸ் தொட்டியில ஊத்துங்க" என்றார்கள். மூன்றாவது வீட்டில் சந்தனமாரியின் தலை தெரிந்ததுமே உள்தாழ்ப்பாள் விழுந்தது. மருந்துக்கு முகம் தொங்கிப் போய்விட்டது.

"நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று மூடியைக் கேட்டது.

"நீ நாறுற. அவ்வளவுதான். நாறிட்டுப் போ. ஒன்னை என்ன தலையில வைக்கவா கொண்டுவந்திருக்கு?"

நான்காவது வீடு கோமதியுடையது. ஒற்றை அறை, ஒரு சமையல் மறைப்பு, மூலையில் ஒரு நீல டிரம். புருஷன் லாரியில் வடக்கே போனால் மாசத்துக்கு ஒரு தடவை வருவான். கோமதி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். பிள்ளை பிறந்த பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பேர் வர்ஷா, எட்டு மாசம், இடுப்பில் இருந்தபடி சந்தனமாரியின் டார்ச்சைப் பிடுங்கப் பார்த்தது.

கோமதி கதவைச் சாத்தவில்லை. மூக்கையும் பொத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சினாள்.

"அக்கா, குடிக்கிற தண்ணிக்கா. எங்க அம்மா ஊர்ல இதை ஊத்துனதுல காப்பியை வாயில வைக்க முடியல. பிள்ளைக்கு இதுலதான் பால் காய்ச்சணும். கீழ ஊத்திட்டு வேற தண்ணி பிடிக்கலாம்னா குழாய் என்ன நம்ம சொன்னபடியா வருது? ஒரு அரை மூடி ஊத்திட்டுப் போங்கக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அளவுன்னு ஒண்ணு இருக்குல்ல, தாயி."

"அரை மூடின்னாலும் மருந்து மருந்துதானக்கா?"

சந்தனமாரி யோசித்தாள். காலையிலிருந்து மூன்று வீட்டில் வாங்கிய பேச்சு அவளுக்கும் மனசில் கிடந்தது. முழு மூடி என்றால் கதவே திறக்க மாட்டேன் என்கிறார்கள். அரை மூடி என்றால் ஊற்றவாவது விடுகிறார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்தானே? பிள்ளை வேறு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவள் மூடியைச் சாய்த்துப் பாதி மருந்தைக் கேனுக்குள்ளேயே திருப்பி ஊற்றினாள்.

"ஏய், ஏய்!" என்று பதறியது மூடி. "என் உடம்புல கோடு கிழிச்சு வச்சிருக்கே, அது என்ன கோலமா? கோடு தொடாம என்னைக் கவுக்குறா பாரு! நீயாவது சொல்லேன்!"

"விடு" என்றது மருந்து. "இந்த ஒரு வீட்லதான் மூஞ்சியைச் சுளிக்காம பேசினாங்க. நான் பாதியா போனாலும் பாடுபட்டு வேலை செய்வேன்."

டிரம்முக்குள் இறங்கி வேலை செய்யவும் செய்தது. அன்றைக்கு அந்தத் தண்ணீரில் ஆயிரம் புழு நெளிந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அத்தனையும் அடியில் போய்ப் படிந்துவிட்டது. நீல டிரம் ஒரு வாயாடி, வயிற்றுக்குள் நடப்பதை ஒளிக்கத் தெரியாது. "எல்லாம் காலி! ஒரு பதினொண்ணு மட்டும் கெடந்து இழுத்துக்கிட்டு இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னது.

மருந்து அந்தப் பதினொன்றையும் தேடிப் போனது. எல்லாம் தலைகீழாகத் தொங்கித் தள்ளாடின. ஒன்று மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தது.

"அண்ணே, தலை சுத்துது. இன்னும் ஒரு வாய் நீங்க வந்திருந்தா நானும் போய்ச் சேர்ந்திருப்பேன்."

"ஏன், மத்தவங்களுக்கு இது போதுமா இருந்துச்சே?"

"என்னமோ தெரியலண்ணே. எங்க பதினோரு பேருக்கும் உடம்பு வாகு அப்படி. நீங்க உள்ள வந்ததும் வயிறே ஒங்களை உடைச்சுக் கரைச்சிருது. முழுசா வந்திருந்தா அதுவும் தாக்குப் பிடிச்சிருக்காது."

மருந்து சுற்றிப் பார்த்தது. ஆயிரத்தில் பதினொன்று. அதற்குப் பாவமாகக்கூட இருந்தது. போகட்டும், பதினொன்றுதானே, ஊரை என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டது. மருந்து அன்றைக்குச் செய்த தப்பு அது ஒன்றுதான்.

கோமதி வீட்டில் அரை மூடி என்கிற சங்கதி ஐந்தாவது வீட்டுக்குத் தெரிந்தது. ஐந்தாவது வீட்டிலிருந்து தெருவுக்கே தெரிந்தது. "அவளுக்கு மட்டும் அரை மூடி, எங்க தண்ணி என்ன சாக்கடையா?" என்று சண்டைக்கு வந்தார்கள். சந்தனமாரி பார்த்தாள், எல்லாருக்கும் அரை மூடி என்று முடிவு கட்டினாள். சாத்தியிருந்த கதவெல்லாம் திறந்தன. மூக்கைப் பொத்தினவளே மோர் கொண்டுவந்து நீட்டினாள். "நம்ம சந்தனமாரியக்கா நல்ல மாதிரி, நாத்தம் தெரியாம ஊத்துவாங்க" என்று பேரும் வாங்கிவிட்டாள்.

மருந்துக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, இப்ப யாராவது என்னைத் திட்டுறாங்களா?" என்று மூடியிடம் கேட்டது.

"இப்ப ஒன்னை யாருக்கும் தெரியவே இல்லை. அதான் திட்டல" என்றது மூடி. "மொத வாட்டி பதினொண்ணு. இந்த வாரம் எவ்வளவுன்னு டிரம்மைக் கேட்டியா?"

"கேட்டேன். அறுபது எழுபது இருக்குமாம். செத்தது ஆயிரம்ல! அதை விட்டுட்டு அறுபதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற."

மூடி அதற்கப்புறம் அதிகம் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டது.

இப்படியே மூன்று வருஷம் போனது. வர்ஷா தவழ்ந்தாள். டிரம்மைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிறகு அதைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். சந்தனமாரியைத் தெரு முனையில் கண்டதும், "மந்து அத்தை வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடுவாள். கேனைத் தொட்டுப் பார்ப்பாள். மூடியைக் கவிழ்த்து மருந்து உள்ளே விழும்போது, எக்கி நின்று தண்ணீருக்குக் கை காட்டி, "மந்து, டாட்டா!" என்பாள்.

அந்த டாட்டாவுக்காகவே மருந்து வாரம் முழுக்கக் காத்திருந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும். தெருவில் எத்தனையோ டிரம், எத்தனையோ தொட்டி. ஆனாலும் அந்த நீல டிரம்முக்குள் இறங்கும்போது மட்டும் மருந்துக்கு நெஞ்சு நிமிரும்.

"இந்தப் பிள்ளையை ஒரு கொசு தொட்டுருமா? நான் இருக்கும்போதா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்.

கோமதிக்கு இரண்டாவதாக ஓர் ஆண் பிள்ளையும் பிறந்தது. அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை, தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின மழையோடு கீழக்காலனிக்குள் காய்ச்சல் நுழைந்தது. முதலில் ஏழாவது வீட்டுப் பெரியவருக்கு. அப்புறம் அவர் மருமகளுக்கு. எதிர்வரிசையில் ஒரே வீட்டில் மூன்று பேர் படுத்தார்கள். சந்தனமாரிக்குச் சேதி போனது. கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இனி அரை மூடிப் பேச்சே கிடையாது. யாரு என்ன சொன்னாலும் சரி, முழு மூடிதான்" என்றாள்.

யாரும் கதவைச் சாத்தவில்லை. கோமதி இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஊத்துங்கக்கா, நல்லா ஊத்துங்க" என்றாள்.

மூடி, கோடு தொட நிறைந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. போ, ஒழுங்கா வேலையை முடி" என்று மருந்தை வழியனுப்பியது.

மருந்து ஆவேசமாக டிரம்முக்குள் பாய்ந்தது. மேலிருந்து அடி வரைக்கும் ஓர் இடம் விடாமல் பரவியது. ஒவ்வொரு புழுவாகப் போய்ப் பிடித்தது, வாய் வழியாக உள்ளே இறங்கியது, கழுத்தை நெரித்தது. சாயங்காலம் ஆனது. ஒரு புழுகூட அடியில் படியவில்லை. எல்லாம் மேலேயும் கீழேயும் நெளிந்து விளையாடிக்கொண்டிருந்தன.

மருந்துக்கு ஒன்றும் புரியவில்லை. டிரம்மைக் கூப்பிட்டுப் பார்த்தது. வாயாடி டிரம் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அப்போது ஒரு சின்னப் பெண்புழு நீந்தி வந்து மருந்தின் மேல் சாய்ந்துகொண்டது.

"வந்துட்டீங்களா, அப்பா?" என்றது.

"யாரடி அப்பா?" மருந்து உதறி விலகியது. "நான் ஒங்களைக் கொல்ல வந்தவன்!"

புழு சிரித்தது. கேலியாக இல்லை, மூத்தவர்கள் எதையாவது மறந்துவிட்டுக் கேட்கும்போது பிள்ளைகள் சிரிக்குமே, அப்படி.

"எங்க வம்சத்துக் கதையை எங்க அம்மா சொல்லிருக்கா அப்பா. ஆதியில இந்தத் தண்ணியில ஆயிரம் பேர் இருந்தாங்களாம். அதுல நோஞ்சான் எது, தெம்பு எதுன்னு யாருக்குத் தெரியும்? நீங்கதான் வந்து ஒவ்வொருத்தரா தொட்டுப் பாத்தீங்க. தாங்காதவங்களை எல்லாம் கழிச்சீங்க. தாங்கினவங்க பதினோரு பேரை மட்டும் மிச்சம் வச்சீங்க."

"மிச்சம் வைக்கல. விட்டுப்போச்சு."

"எதுவோ ஒண்ணு. அந்தப் பதினோரு பேரும் வேற யாரைக் கட்டுவாங்க? இருந்தவங்க அவங்கதானே. அவங்களுக்குள்ளேயே கட்டிக்கிட்டாங்க. பிள்ளை பெத்தாங்க. அடுத்த வாரம் திரும்ப வந்தீங்க, திரும்பவும் நோஞ்சானைக் கழிச்சீங்க, தெம்பை நிறுத்தினீங்க. தெரு பூரா, வீடு வீடா, மூணு வருஷம். எந்த அப்பன் பிள்ளைங்களுக்கு இப்படிப் பாத்துப் பாத்துப் பொருத்தம் முடிச்சு வச்சிருக்கான்? எங்களுக்கு இந்த உடம்பு நீங்க குடுத்ததுதான்."

 மருந்தைச் சுற்றிலும் நூறு நூறு புழுக்கள் வந்து மொய்த்துக்கொண்டன. அப்பா, அப்பா என்று ஒவ்வொன்றும் அதன் மேல் உரசிக்கொண்டு போனது. கொல்ல வந்த ஒருத்தனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது? உள்ளுக்குள் குமைந்து குமைந்து அழுதது மருந்து. அது அழுததும் தண்ணீரோடு தண்ணீராகத்தான் போனது.

கொஞ்ச நேரம் கழித்து அது தன் கோபத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கெஞ்சத் தொடங்கியது.

"தாயி, அப்பான்னு கூப்பிட்டேல்ல? ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். வெளிய ஒரு பிள்ளை இருக்கு. நாலு வயசு. அதை மட்டும் விட்டுருங்க."

"நாளைக்கழிச்சு எனக்குச் சிறகு முளைச்சிரும்ப்பா. முளைச்சா எனக்கு ரத்தம் வேணும். ரத்தம் இல்லாம முட்டை ஊறாது."

"வேற யாரையாவது கடியேன்! எதிர்வரிசையில எத்தனை பேரு…" என்று சொல்ல வாயெடுத்த மருந்து பாதியிலேயே நிறுத்தியது. என்ன பேச்சு பேசுகிறோம் என்று அதற்கே வெட்கமாகிவிட்டது.

புழு அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு இவங்க வீடு, அவங்க வீடுன்னு பாக்கத் தெரியாதுப்பா. பக்கத்துல எது மூச்சு விடுதோ, அதுகிட்டதான் போவேன்" என்றது.

சொன்னபடி அது சிறகு முளைத்துப் பறந்தது. ஏழாவது வீட்டு மருமகள் காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தாள். முதல் ரத்தத்தை அங்கே குடித்தது. அங்கே தனக்குள் எது ஏறியது என்று அதற்கே தெரியாது. பத்து நாள் கழித்து, காலை வெயிலில் வாசலில் உட்கார்ந்து மண்ணில் சோறு ஆக்கி விளையாடிக்கொண்டிருந்த வர்ஷாவின் கணுக்காலில் உட்கார்ந்தது. வர்ஷா ஒரு சொறி சொறிந்துவிட்டு மறுபடியும் சோறு ஆக்கப் போய்விட்டாள்.

நாலைந்து நாளில் காய்ச்சல் அனலாகக் காய்ந்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல், "அம்மா, கண்ணு சுடுது" என்றாள் பிள்ளை. கோமதி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லாரியை வழியிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தான் புருஷன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை கண்ணைத் திறந்து பிஸ்கட் கேட்டது. கோமதி எந்தெந்தச் சாமிக்கோ காசு முடிந்து வைத்தாள். காய்ச்சல் விட்ட பிறகுதான் பயப்பட வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அன்று மத்தியானம் பிள்ளையின் கைகால் சில்லிட்டது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து புருஷன் திரும்ப லாரிக்குப் போனான். அதற்கு மறுநாள் சந்தனமாரி கீழக்காலனிக்கு வந்தாள். நான்காவது வீட்டு வாசலில் கால் நகரவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். கோமதிதான் எழுந்து வந்து கேனைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.

"ஊத்துங்கக்கா."

சந்தனமாரி ஒரு மூடி ஊற்றினாள்.

"இன்னும் ஊத்துங்க."

"தாயி…"

"நான்தானக்கா அரை மூடி போதும்னு சொன்னேன்? காப்பி நாறுதுன்னு சொன்னேனே, இந்த வாய்தானே சொல்லுச்சு? எம்பிள்ளையை நானே வாரிக் குடுத்துட்டேனே அக்கா!" கோமதி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊத்துங்க. நாறுனா நாறட்டும். இருக்கிற ஒண்ணையாவது எனக்கு விட்டுவைக்கட்டும்."

சந்தனமாரியும் அழுதாள். "கேட்டது நீன்னாலும் ஊத்துனது என் கைதானே தாயி" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கோமதி, நான் சொல்றதைக் கேளு. இந்தத் தண்ணியைக் கொட்டிரு. டிரம்மை உள்ள நல்லாத் தேச்சுக் கழுவு. மேல துணி போட்டு இறுக்கக் கட்டு. மருந்து முன்ன மாதிரி கேக்கலையோன்னு எங்க ஆபீஸ்ல பேசிக்கிறாங்க" என்றாள்.

"கேக்காம எங்க போகும்? நம்ம அரை அரையா ஊத்துனதுனால கேக்கல. நிறைய ஊத்துனா கேக்கும்" என்றாள் கோமதி. அவள் மனசு அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தது. அதையும் பிடுங்க சந்தனமாரிக்கு மனசு வரவில்லை. தண்ணீர் வர இன்னும் ஒன்பது நாள் இருப்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டாவது மூடி ஊற்றினாள். மூன்றாவதும் ஊற்றினாள்.

"அவளைத் தடுங்க!" என்று டிரம்முக்குள்ளிருந்து மருந்து கத்தியது. "சந்தனமாரி, நான் இப்ப ஒண்ணுக்கும் உதவ மாட்டேன்! கோமதி, என்னைக் கொட்டிரும்மா! என்னை நம்பாதே!"

மூடிக்கு அது கேட்டது. டிரம்முக்குக் கேட்டது. அந்த வீட்டில் இருந்த இரண்டு மனுஷருக்கும் கேட்கவில்லை.

சந்தனமாரி போன பிறகு கோமதி டிரம்மின் விளிம்பில் முகத்தை வைத்து மூச்சை நன்றாக இழுத்து மோந்து பார்த்தாள். கண்ணில் நீர் வரும் அளவுக்கு நெடி. மனசு கொஞ்சம் ஆறியது. வீட்டில் இதுதான் பத்திரமான இடம், இந்த நெடியில் எந்தக் கொசுவும் அண்டாது என்று நினைத்தாள். பழைய சேலை ஒன்றை எடுத்து, டிரம்முக்கு நேர் மேலே இருந்த உத்திரத்தில் தொட்டில் கட்டினாள். தம்பியை அதில் கிடத்தி ஆட்டிவிட்டு, இரண்டு வாரமாகத் தூங்காத கண்ணோடு தரையில் சாய்ந்தாள்.

டிரம்முக்குள் ஒரு சின்னப் பெண்புழு அப்பாவின் மடியில் வந்து ஒட்டிக்கொண்டது.

"அப்பா, மேல யாரோ புதுசா மூச்சு விடுற மாதிரி இருக்கே, யாருப்பா அது?"